தட்டிப் பார்ப்பவர்

எதைக் கண்டாலும் நடுவிரலை மடக்கி, அதன் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வரவேண்டிய செய்தி காதுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்பதுபோல் ‘ம்ம்’ என்று சொல்கிற ஒருவரை உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அவர்தான் தட்டிப் பார்ப்பவர். உங்கள் வீட்டில் ஒருவர் இருப்பார். இல்லையென்றால் உங்கள் அலுவலகத்தில் இருப்பார். இரண்டு இடத்திலும் இல்லையென்றால், எனக்கு உங்களைப் பற்றித்தான் கவலை. அதைக் கடைசியில் பேசிக்கொள்வோம்.

தட்டிப் பார்ப்பவர் அளவுநாடா வைத்துக்கொள்ள மாட்டார். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் விவரத்தை வாசிக்க மாட்டார். விவரம் தெரிந்தவர்களிடம் கேட்கவும் மாட்டார். கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே! கதவா, தட்டுவார். சுவரா, தட்டுவார். அடுத்தவர் நேற்று வாங்கிய காரா, முன்பக்க மூடியில் இரண்டு தட்டுத் தட்டுவார்; சொந்தக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு அந்த ‘ம்ம்’ வரும். அதில் இரண்டு வகை. குறுகிய ‘ம்’ என்றால் பரவாயில்லை, பிழைத்துப் போ என்று பொருள். கீழுதட்டைப் பிதுக்கிக்கொண்டு வரும் நீண்ட ‘ம்ம்ம்’ என்றால், உன்னை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள், அதை என் வாயால் சொல்ல வேண்டாமென்று பார்க்கிறேன் என்று பொருள். அதன் பின்னால், “எடுத்துட்டீங்க... சரி, இருக்கட்டும்” என்று ஒரு வார்த்தை வரும். அந்த ‘இருக்கட்டும்’ கேட்டவன் அதற்குப் பிறகு அந்தக் காரில் நிம்மதியாக உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

அவருக்கு என்னதான் கேட்கிறது? இதுவரை யாரும் கேட்டதில்லை. அவருடைய மொத்த அதிகாரமும் அந்தக் கேட்காமையின் மேல்தான் நிற்கிறது.

இந்த வகையில் முதல்தரமான ஒருவருக்குத் தங்கையாகப் பிறந்தவள் ஒருத்தி உண்டு. அண்ணனின் முட்டிவிரலைப் பார்த்துத்தான் அவள் வளர்ந்தாள். அவளுடைய முதல் சைக்கிளின் இருக்கையைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்கினார்கள். இருக்கை மட்டும் இன்னும் நன்றாக இருக்கிறது. மற்றவையெல்லாம் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துப் போய்விட்டன. அப்பா மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் கிடந்தபோது அண்ணன் ஆக்சிஜன் சிலிண்டரைத் தட்டிப் பார்த்து, “நெறைய இருக்கு, பயப்படாதீங்க” என்றார். செவிலி வந்து அவரை முறைத்துவிட்டு, காலியான சிலிண்டரை மாற்றிவிட்டுப் போனாள். தங்கையின் வருங்காலக் கணவர் முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது, அண்ணன் அவரைக் கட்டிக்கொண்டு முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். பாசமென்று எல்லோரும் நினைத்தார்கள். அந்தத் தலைச் சாய்ப்பைத் தங்கை மட்டும் பார்த்துவிட்டாள். குறுகிய ‘ம்’தான் வந்தது. பிழைத்துப் போனார்.

கல்லூரிக் கதைதான் பெரிய கதை. அவள் தாவரவியல் படிக்க ஆசைப்பட்டாள். அந்தப் பாடம் இருந்த கல்லூரியின் வாசல் தூணை அண்ணன் தட்டினார். நீண்ட ‘ம்ம்ம்’ வந்தது. அடுத்த கல்லூரியின் தூணைத் தட்டினார். “இது நிக்கும். இங்க சேரு” என்றார். எது நிற்கும் என்று யாரும் கேட்கவில்லை. அந்தத் தூணின் பலத்தில் அவள் வேறொரு பாடம் படித்து, பரிசோதனைக்கூடத்தில் ரத்த மாதிரிகளைப் பார்க்கும் வேலைக்கு வந்து சேர்ந்தாள். அங்கே ஒரு துளியைக்கூட இரண்டு முறை சோதிக்காமல் எதையும் எழுதிவிட முடியாது. ஆதாரம் எங்கே, ஆதாரம் எங்கே என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் பிழைப்பு. வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தக் கேள்வியைச் செருப்போடு வெளியில் விட்டுவிடுவாள்.

ஏன்? அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். முதல் ஆளுக்கு ஒரு தொல்லை இருக்கிறது. அவள் வாயிலிருந்து எந்தக் கேள்வி வந்தாலும் அது கேள்வியாகக் காதில் விழாது; படித்த திமிராக விழும். “ஏன் அண்ணா?” என்று கேட்டால், “ஓ, நாங்கல்லாம் முட்டாளு” என்று பதில் வரும். அதனால் அவள் தலையாட்டப் பழகிக்கொண்டாள். மரியாதையால் தலையாட்டுகிறோமா, பயத்தாலா, அல்லது வாதாடச் சோம்பலா என்று அவளே சில சமயம் தன்னைக் கேட்டுக்கொள்வாள். பதில் தெரிவதற்குள் தலை ஆடிவிட்டிருக்கும்.

இப்படிப்பட்டவள் ஒரு சின்ன வீடு வாங்கினாள். கூடத்துத் தரை வெறும் சிமெண்டாக இருந்தது. அந்தத் தரைக்கு மரம் போட வேண்டும் என்பது அவள் ஆசை. சாதாரணப் பலகை அல்ல. சின்னச் சின்ன ஓக் மரக் கட்டைகளை ஒன்றோடொன்று சாய்த்துக் கோத்து, மீன்முள் மாதிரி வாசலிலிருந்து ஜன்னல்வரை ஓடவிடுகிற தளம். எங்கோ ஒரு பழைய கட்டடத்தில் அதைப் பார்த்திருக்கிறாள். களைத்துப்போய்க் கதவைத் திறந்தால் தரையே நம்மைக் கைபிடித்து வெளிச்சம் இருக்கும் பக்கம் கூட்டிக்கொண்டு போவதுபோல் இருக்கும் என்று கணவரிடம் சொன்னாள். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கி, “நல்லா இருக்கும்” என்றார். அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார். ஆனாலும் அது ‘ம்ம்’ இல்லையே. அதுவே அவளுக்குப் பெரிய ஆறுதல்.

சைக்கிள் அண்ணன் பார்த்தது. படிப்பு அண்ணன் பார்த்தது. தரையாவது நான் பார்த்ததாக இருக்கட்டும் என்று அவள் முடிவு செய்தாள். இவ்வளவு பெரிய முடிவை எடுத்தவள் என்ன செய்தாள் தெரியுமா? அண்ணனுக்குப் போன் செய்து, “கடைக்குப் போறோம், நீங்களும் வாங்க” என்றாள். பழக்கம்!

கடையில் மாதிரிப் பலகைகள் வைத்திருந்தார்கள். மீன்முள் தளத்தின் மாதிரி ஒரு தகரத் தாங்கியில் சாய்ந்து நின்றது. அதற்கு எதிரே, கட்டைகளைச் சதுரம் சதுரமாக, ஒன்று நெட்டாகவும் அடுத்தது குறுக்காகவும் அடுக்கிய இன்னொரு மாதிரி, கல் பதித்த மேஜையின் மேல் மஞ்சள் விளக்கின் கீழே ராஜா மாதிரி படுத்திருந்தது. அண்ணன் உள்ளே நுழையும்போதே விரல் மடங்கிவிட்டது.

முதலில் தகரத் தாங்கியில் நின்றதைத் தட்டினார். ‘டொய்ங்’ என்றது. உதடு பிதுங்கியது.

“என்னம்மா இது, உள்ள ஒண்ணுமே இல்ல. வெறும் காலி.”

“அது மரம்தான் அண்ணா. டிசைன்தான் வேற.”

“டிசைன் கெடக்கட்டும். சத்தமே சொல்லுதே!” கல் மேஜைக்குப் போய்ச் சதுரத்தைத் தட்டினார். ‘டக்’ என்றது. முகம் மலர்ந்தது. “கேட்டியா? இதான் மரம். இது மேல யானை நடக்கலாம்.”

“யானை எதுக்கு அண்ணா எங்க வீட்டுக்கு வருது?”

கணவர் சிரித்துவிட்டார். அண்ணன் அவர் பக்கம் திரும்பினார். “மாப்பிள்ளை, நீங்களே தட்டிப் பாருங்க.” மாப்பிள்ளை தட்டிப் பார்த்தார். தலையைச் சாய்த்தார். இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது, இது ஒட்டிக்கொள்ளும் வியாதி. “ஆமா மச்சான், இது கொஞ்சம் கெட்டியாத்தான் தெரியுது” என்றார்.

கடைக்காரர் பக்கத்திலேயே நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். “ரெண்டுமே நல்ல அயிட்டம் சார்” என்பதற்கு மேல் அவர் வாய் திறக்கவில்லை.

தங்கையின் தலை ஆடத் தயாராக இருந்தது. கழுத்துகூடக் கொஞ்சம் அசைந்துவிட்டது. எப்படியோ அதை நிறுத்திவிட்டாள். “எனக்கு மீன்முள்தான் வேணும்” என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. கடைக்காரர் அவசரமாகப் பில் போட்டார். அண்ணன் பெரிய மனது பண்ணிச் சிரித்தார்.

“உன் வீடு. உன் இஷ்டம். நான் யாரு சொல்றதுக்கு?”

தட்டிப் பார்ப்பவர் ‘நான் யாரு சொல்றதுக்கு’ என்று சொல்லிவிட்டால் நீங்கள் உஷாராகிவிட வேண்டும். விஷயம் அவர் கைக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அவளுக்கு அது அப்போது தெரியவில்லை. வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

தளம் போடுகிற அன்று காலையில் தச்சருக்குக் கதவைத் திறந்துவிட்டுக் கணவனும் மனைவியும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஆனால் அவளுக்குக் கூடத்தில் இருப்பு கொள்ளவில்லை, பரிசோதனைக்கூடத்தைச் சொல்கிறேன். நுண்ணோக்கிக் கண்ணாடிக்குக் கீழே ரத்த அணுக்கள் எல்லாம் மீன்முள்ளாகத் தெரிந்தன. மத்தியானம் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஓடி வந்தாள். கதவைத் திறந்தாள். ஜன்னல் மூலையிலிருந்து வரிசையாகச் சதுரம், சதுரம், சதுரம்.

“நிறுத்துங்க! என்ன இது?”

தச்சர் முழங்கால் போட்டபடியே நிமிர்ந்தார். “ஏம்மா? நீங்க மனசு மாறிட்டீங்கன்னு கடையில சொன்னாங்களே.”

“யாரு மனசு மாறினது?”

“நீங்கதான். உங்க அண்ணன் போன் பண்ணாராம். ‘தங்கச்சி மனசு மாறிடுச்சு, சொல்லக் கூச்சப்படுது, சதுரமாவே போட்டுருங்க’ன்னாராம்.”

அண்ணன் மரத்தை மாற்றியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவள் மனதையே, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், போனில் மாற்றிவிட்டாரே! கூச்சம் வேறு அவள் பேரில் எழுதியாகிவிட்டது.

உடனே கடைக்குப் போன் செய்தாள். “மரத்தை மாத்தி அனுப்பிட்டீங்க. எங்க மரம் எங்க?”

“மாத்தவே இல்லையே மேடம். கட்டை ஒண்ணுதான்.”

“எப்படி ஒண்ணு?”

“அதே கட்டைதான் மேடம். சாய்ச்சு வெச்சா மீன்முள், நேரா வெச்சா சதுரம். டிசைன் பெட்டியில வராது. போடறதுலதான் இருக்கு.”

“அன்னைக்குத் தட்டினப்ப ஒண்ணு காலி, ஒண்ணு கெட்டின்னு கேட்டுச்சே?”

“ஒண்ணு தகரத்துல நின்னுச்சு, ஒண்ணு கல்லு மேல படுத்திருந்துச்சு மேடம். தகரத்தைத் தட்டினா தகரம் சத்தம் போடும்.”

“தெரிஞ்சுக்கிட்டேவா சும்மா நின்னீங்க? சொல்லியிருக்கலாம்ல?”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. “சார் அவ்வளவு நம்பிக்கையா தட்டுறாரு. அவர் மூஞ்சியைப் பாத்து எப்படி மேடம் சொல்றது?”

பார்த்தீர்களா? இப்படித்தான் அந்த இனம் பிழைத்துக் கிடக்கிறது. தெரிந்தவர்கள் கையைப் பிசைகிறார்கள். தெரியாதவர்கள் தலையைச் சாய்க்கிறார்கள். நடுவில் ஒரு விரல் ராஜாங்கம் நடத்துகிறது.

அவள் போனை வைத்துவிட்டுத் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். “இதையெல்லாம் எடுத்துடலாம். எனக்கு மீன்முள்தான்.”

“பசை இறுகிட்டா வராதும்மா.”

“இறுகறதுக்குள்ள எடுப்போம்.”

தச்சர் அலுத்துக்கொண்டார். “அண்ணன் ஒண்ணு சொல்றாரு, தங்கச்சி ஒண்ணு சொல்றீங்க. நாளைக்கு அவரு வந்து என்னைக் கேட்டா?”

“இது என் வீடுன்னு சொல்லுங்க.”

சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் திடுக்கிட்டாள். பிறகு இருவருமாக உளியை விட்டுக் கட்டைகளை நெம்பி எடுத்தார்கள். அடிப்பக்கம் பசை நூல்நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. அவள் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்துத் துடைத்து அடுக்கினாள், விரலிடுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டது. தச்சர் கூடத்தின் நடுவே வாசலிலிருந்து ஜன்னல்வரை ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, அந்தக் கோட்டிலிருந்து கட்டைகளைச் சாய்த்து வைக்க ஆரம்பித்தார். அவள் நினைத்ததேதான். தரை எழுந்து வெளிச்சத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கியது.

ஆனால் காலையில் முதல் முதலாக ஒட்டிய ஜன்னல் மூலை மட்டும் அசையவில்லை. உளி வளைந்ததுதான் மிச்சம். கூடம் முழுவதும் மீன்முள் ஓடிவந்து, அந்த மூலையில், ஒரு நாற்காலி போடும் அளவு இடத்தில், முரட்டுச் சதுரங்களில் முட்டிக்கொண்டு நின்றது.

“ஒரு பூந்தொட்டி வெச்சு மறைச்சுருங்கம்மா” என்றார் தச்சர்.

அவள் மறைக்கவில்லை. அண்ணன் வரட்டும் என்று அப்படியே விட்டுவைத்தாள். கோபமாகப் பேசவேண்டும் என்றில்லை. ‘உன்னைக் கேக்காம போன் பண்ணது தப்பும்மா’ என்று ஒரே ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்தால் போதும். அதற்குக் காப்பிகூடப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று இருந்தாள்.

அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணன் வாசலில் நின்று தளத்தைப் பார்த்தார். முகம் ஒரு கணம் வெறுமையாகிப் போனது. அந்த ஒரு கணம், சத்தியமாகச் சொல்கிறேன், அவர் நம்மையெல்லாம்போல் சாதாரண மனிதராக இருந்தார். தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அவர் கண் ஜன்னல் மூலையைக் கண்டுபிடித்துவிட்டது. தொலைந்துபோன பிள்ளையைப் பார்த்தவர்போல் நேரே அங்கே போய்க் குந்தி உட்கார்ந்து தட்டினார்.

“ம். இது கெட்டி.”

அதை ஒட்டியே ஓடிய மீன்முள்ளைத் தட்டினார். உதட்டைப் பிதுக்கினார்.

“ம்ம்ம். போட்டுட்ட... சரி, இருக்கட்டும்.”

“அண்ணா, ரெண்டும் ஒரே கட்டை. ஒரே பெட்டியில வந்தது.”

“கட்டை ஒண்ணா இருக்கலாம்மா. போடற விதத்துல சத்தம் மாறும்ல?”

“ஒரே பசை, ஒரே சிமெண்டு. கண்ணை மூடிக்குங்க, நான் தட்டுறேன், எது எதுன்னு சொல்லுங்க பாப்போம்.”

அண்ணி பக்கென்று சிரித்தாள். “சொல்லுங்களேன்! என் சமையலறை அலமாரியையும் இப்படித்தான் தட்டிட்டு, கரையான் வராதுன்னீங்க. இப்ப அலமாரியே இல்ல, கரையான்தான் இருக்கு.”

“நீ சும்மா இரு. படிச்சவங்க பரீட்சை வைக்கறாங்க” என்றார் அண்ணன்.

இத்தனை வருஷமாக இந்த வார்த்தைக்குத்தான் அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். இன்றைக்குத் தலை ஆடவில்லை.

“சத்தத்தை விடுங்க அண்ணா. நான் மனசு மாறிட்டேன்னு கடையில சொன்னது யாரு?”

அண்ணனின் விரல் தட்டுவதற்கு எதையாவது தேடியது. பக்கத்தில் ஜன்னல் சட்டம் இருந்தது, அதைத் தட்டினார். ‘ம்’ என்றார்.

“உன் நல்லதுக்குத்தானேம்மா... இந்தச் சட்டம் யாரு போட்டது? நல்ல வேலை.”

அவள் காத்திருந்தாள். அவர் சட்டத்தை மேலிருந்து கீழ்வரை தட்டிக்கொண்டே வந்து, அடுத்த அறைக் கதவுக்குப் போய், அதையும் தட்டி, அப்படியே சமையலறைக்குள் நுழைந்துவிட்டார். உள்ளேயிருந்து தண்ணீர்க்குழாயின் சத்தம் ‘டிங், டிங்’ என்று கேட்டது. ஒரு வாக்கியத்திலிருந்து தப்பிக்க ஒரு மனிதர் வீடு முழுக்கத் தட்டிக்கொண்டு ஓடியதை அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள். சிரிப்பு வந்தது.

இப்போது சொந்தக்காரர் யார் வந்தாலும் அண்ணனும் கூடவே வந்துவிடுகிறார். விருந்தாளியின் தோளில் கைபோட்டு ஜன்னல் மூலைக்கு நடத்திக்கொண்டு போகிறார். “இந்த எடம் மட்டும் நான் சொல்லிப் போட்டது. தட்டிப் பாருங்க” என்கிறார். அவர்கள் தட்டுகிறார்கள். தலையைச் சாய்க்கிறார்கள். “ஆமாங்க, வித்தியாசம் நல்லாவே தெரியுது” என்கிறார்கள்.

ஒரு நாள் வீட்டில் யாரும் இல்லாதபோது தங்கையும் அந்த மூலையில் உட்கார்ந்து, அப்படி என்னதான் கேட்கிறது இவருக்கு என்று நடுவிரலை மடக்கித் தட்டிப் பார்த்தாள். சதுரத்தில் ஒரு தட்டு, மீன்முள்ளில் ஒரு தட்டு. ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவளைக் கேட்காமலேயே அவள் வாயிலிருந்து ‘ம்ம்’ என்று வந்தது. சட்டென்று விரலைப் புடவைக்குள் ஒளித்துக்கொள்பவள்போல் கையை இழுத்துக்கொண்டாள். பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்யும் இளம்பெண்கள் அவளிடம் முடிவுகளைக் கொண்டுவந்து காட்டும்போது, சரியாகப் பார்ப்பதற்கு முன்பே தான் ‘ம்ம்’ சொல்லிவிடுவது அவளுக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

உங்களைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேனே. நீங்கள் எதையும் தட்டுவதில்லை, சரி. துணிக்கடையில் துணியை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்ப்பதில்லையா? நண்பனின் வண்டிச் சக்கரத்தைக் காலால் ஒரு உதை விட்டுத் தலையாட்டியதில்லையா? அதெல்லாம் கிடக்கட்டும். உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டு வந்த ஒன்றைப் பார்த்து, நீங்கள் சொன்ன ‘இருக்கட்டும்’ உங்களுக்கு மறந்திருக்கும், அவருக்கு மறந்திருக்காது. போய்ப் பேசிப் பாருங்கள். வழியில் கதவைத் தட்டிப் பார்க்கிற சாக்கில் நின்றுவிடாதீர்கள்.

அண்ணன் போன வாரமும் வந்திருந்தார். தட்டினார், காப்பி குடித்தார், போய்விட்டார். அந்த ஒரு வாக்கியம் இன்னும் பாக்கி. அதற்காகத்தான் ஜன்னல் மூலையில் அவள் இன்னமும் பூந்தொட்டி வைக்காமல் இருக்கிறாள்.